தேய்ந்த அச்சும் பிழைக் காசும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வாட்ஸ்ஆப் குழுக்களில் 'எரர் காயின்' என்று நூறும் ஆயிரமும் விலை சொல்லப்படும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் காசுகள் பலவும் நாணயச் சாலையில் தவறி அடிபட்ட பிழைக் காசுகளே அல்ல. காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சு தேய்ந்த பிறகும் மாற்றாமல் அடித்த சாதாரணக் காசுகள்.

நம் எஃகுக் காசில் இரும்பு 83, குரோமியம் 17 சதவீதம். கடினமான உலோகம். ஒவ்வொரு அடியிலும் அது நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பிதுங்கி ஓடும்போது அச்சின் முகத்தை அரிக்கிறது. அதனால் எழுத்து கொழுத்து, ஓரம் மழுங்கி, பக்கத்தில் நிழல் விழுந்தது போலத் தெரியும். உருவமும் எழுத்தும் இல்லாத வெறும் பரப்பில் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பும் விளிம்பை நோக்கி ஓடும் மெல்லிய கோடுகளும் இருக்கும். இந்த நிழலைத்தான் 'டபுள்' என்று விற்கிறார்கள். அதே அச்சில் விழுந்த காசெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முகமதிப்புக்கு மேல் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

அச்சிலேயே உருவம் இருமுறை பதிந்த உண்மையான இரட்டிப்பில் இரண்டு எழுத்தும் உருண்டு, மேடாக, தனித்தனியாகத் தெரியும்; எழுத்தின் முனைகள் பிளந்திருக்கும். படிக்கட்டு போலத் தட்டையாக, மூல எழுத்தையே மெலிய வைத்திருந்தால் அது அடிக்கும்போது அச்சு அசைந்ததால் வந்தது. அதற்கும் மதிப்பில்லை. பத்து மடங்கு லென்ஸும் ஒற்றை பல்பும் போதும். விளக்கடியில் காசைச் சாய்த்துத் திருப்புங்கள். சிங்க முகம் மழுங்கியும் புதுக்காசின் மினுமினுப்பு அங்கே மாறாமல் ஓடினால் தேய்ந்தது அச்சு. மேடான இடம் மட்டும் மங்கிக் கிடந்தால் கைமாறிக் கைமாறித் தேய்ந்தது காசு.

காசு எந்த நாணயச் சாலையில் அடித்தது என்பதற்கு ஆண்டுக்குக் கீழே குறி இருக்கும்: ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, மும்பைக்கு வைரம். கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. அச்சின் குழியில் கிரீஸ் அடைத்தால் நட்சத்திரம் பதியாது. உடனே அதை 'அபூர்வக் கொல்கத்தா' ஆக்கிவிடுகிறார்கள்! அந்த இடத்தில் குறியை அரத்தால் அராவி எடுத்த கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓரம் வெட்டுப்பட்ட காசில்தான் ஏமாற்று அதிகம். உருவம் பதிக்கும் முன் வெறும் வில்லையாக வெட்டும்போதே குறைந்திருந்தால், வெட்டுக்கு நேர் எதிர்ப்புற விளிம்பும் மேடு எழும்பாமல் பலவீனமாக இருக்கும். எதிர்ப்புறம் முழுசாக, வெட்டில் அரம் போட்ட கோடு தெரிந்தால் பட்டறை வேலை என்று சந்தேகப்படுங்கள். எடை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், வெட்டியது யாராக இருந்தாலும் எடை குறையத்தான் செய்யும்.

முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அதன் உருவம் அடுத்த காசில் பதிந்தால் அது 'லக்கி' காசு. அதில் ஒரு பக்கம் சரியாகவும், மறுபக்கம் அதே உருவம் குழிந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியும் இருக்க வேண்டும். குழிந்த உருவத்துக்கு அடியில் பழைய டிசைன் நசுங்கித் தெரிந்தால், இன்னொரு காசை வைத்துப் பட்டறை இடுக்கியில் (வைஸ்) நெரித்தது. ஒரு பக்கத்து அச்சு மறுபக்கத்துக்கு நேராக இல்லாமல் திரும்பியதைப் பார்க்க, சிங்கத்தை நிமிர்த்திப் பிடித்துப் புத்தகப் பக்கம் போலத் திருப்புங்கள். மறுபக்கத்து எண்ணும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து டிகிரி சாய்வு சகஜம். 90, 180 என்றால் பேசலாம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு வார்த்தை. 1792 வரை திப்புவின் ஆளுகையில் இருந்த பாரா மகாலில், அதாவது நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில், அவர் காலத்து யானை உருவக் காசு இன்னும் கைக்குக் கிடைக்கிறது. அது கையால் சுத்தியல் கொண்டு அடித்தது. யானை ஓரத்தில் விழுந்து வால் வெட்டுப்பட்டிருப்பது அதற்கு இயல்பு. அதையும் 'எரர்' என்று விலை ஏற்றிச் சொன்னால், காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிப்போர்,
கிருஷ்ணகிரி.