தம்பிக்கு, கேமராவைக் கழற்றிய பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுச் சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து என் அறையில் இருந்த கேமராவைக் கழற்றிவிட்டுப் போனார். நீ அப்பாவுக்குப் போன் போட்டு "என்னப்பா, படம் வரவில்லையே" என்று கேட்டாயாம். அவரும் பயந்துகொண்டு "நெட் போயிடுச்சுப்பா" என்று சொல்லி வைத்திருக்கிறார். நெட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. உன் அம்மா நான்தான் கழற்றச் சொன்னேன்.

இதைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குத் தொண்டை அடைத்துவிடும், பேச்சு அத்தோடு நின்றுபோகும். அதனால்தான் கடிதம். என் விரல்கள் வேலை செய்யாததால், வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது. 'படுக்கைப் புண்' என்றால் 'படுக்கைப் பெண்' என்று போடுகிறது. முன்பெல்லாம் உள்ளங்கைப் பட்டையில் குச்சியைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்துவேன். இப்போது, அதுவும் என்னைத்தானே சொல்கிறது என்று சில இடங்களில் விட்டுவிடுகிறேன். நீயே பார்த்துப் படித்துக்கொள்.

போன மாதம் அந்த ராத்திரி நீ பார்த்தது என்ன என்று எனக்குத் தெரியும். அப்பா காட்டினார். மணி 2:10. என்னைப் பார்த்துக்கொள்ளும் உசிலம்பட்டிப் பெண் என் தலைமாட்டுக்கு ஓடி வருகிறாள். என்னைச் சடாரென்று நிமிர்த்துகிறாள். என் தலை ஆடுகிறது. ரவிக்கையை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்க்கிறாள், கொக்கி தெறிக்கிறது. போர்வையை வீசுகிறாள், தொடையைத் தூக்கிப் போடுகிறாள். என் முகம் கோணிக்கொண்டு போகிறது. சத்தம் இல்லாமல் பார்த்தால் எனக்கே அடிக்கிறாள் என்றுதான் தோன்றும். உன்மேல் தப்பு இல்லை.

நீ பார்க்காததைச் சொல்கிறேன். அதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் எனக்குப் பின்மண்டையில் உலக்கை இடிக்கிற மாதிரி வலி. காது சுடுகிறது, நெற்றியில் வியர்வை கொட்டுகிறது, கையில் மயிர்க்கூச்செறிகிறது. கழுத்துக்குக் கீழே எனக்கு வலி தெரியாதே தவிர, கீழே ஏதாவது தப்பு நடந்தால் உடம்புக்கு அது தெரிந்துவிடும். மூளைக்குச் சொல்ல வழி இல்லாததால் அது ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகிறது. இதற்கு ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று பெயர், வேலூர் மறுவாழ்வு மையத்தில் சொல்லிக் கொடுத்தார்களே. என் பி.பி. எப்போதும் 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். அன்றைக்கு அவள் பார்த்தபோது 190. விட்டால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம். மாத்திரையைத் தேடுவதற்கு முன்னால் ஆளை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும், இறுக்கமாக இருப்பதைத் தளர்த்த வேண்டும், அப்புறம் குழாயைப் பார்க்க வேண்டும். ஒரு அடி பிசகாமல் அதைத்தான் அவள் செய்தாள். மூத்திரக் குழாய் என் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்திருக்கிறது. அதை நேராக்கியதும் பையில் தடதடவென்று இறங்கிய சத்தம் எனக்கே கேட்டது. 700 மில்லி. பத்து நிமிஷத்தில் தலைவலி இறங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். கட்டில் மறைத்ததில் அது உன் கேமராவில் விழவில்லை.

நீ முதலில் எனக்குப் போன் செய்திருக்கலாம். அவளை அனுப்பிய ஏஜென்சிக்குச் செய்தாய். காலை எட்டு மணிக்கு அவளைக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் என்னோடு இருந்தவள், பையை எடுத்துக்கொண்டு, "டீச்சரம்மா, அடுத்த திருப்பம் ஒன்பது மணிக்கு, வலப்பக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வந்த புதுப் பெண் எட்டு நாள் இருந்தாள். கெட்டவள் இல்லை. யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்காமல் அனுப்பியிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்றால், "அதான் காத்துப் படுக்கை போட்டிருக்கே" என்பாள். அந்த மோட்டார் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரு வரிசைக் குமிழைக் காற்றடைத்து அடுத்த வரிசையை இறக்கும். அது உதவிக்குத்தான், திருப்புவதற்குப் பதில் இல்லை. அதிலும் அந்த வாரம்தான் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணிக்குப் போன கரண்ட். இன்வெர்ட்டர் வயர் மோட்டாரில் இல்லை, ஃபேனில் இருந்திருக்கிறது. மெத்தை மெல்ல இறங்கிக்கொண்டே போயிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? பலகையில் கிடந்தாலும் பஞ்சில் கிடந்தாலும் எனக்கு ஒன்றுதான். பழையவளாக இருந்தால் கரண்ட் போனதுமே இடுப்புக்கு அடியில் கையை விட்டு, காற்று இருக்கிறதா, எலும்பு தட்டுகிறதா என்று பார்த்திருப்பாள். மூன்றரை மணி நேரம் கழித்து அப்பாதான் கவனித்தார். இடது குதிகாலில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்க வேண்டும், வெளுக்கவில்லை. அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். பதறாதே, தோல் கிழியவில்லை. குதிகாலைத் தலையணை நுனிக்கு வெளியே தொங்கவிட்டு வைத்து, இப்போது நிறம் திரும்பிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்தத்தான் எழுதுகிறேன்.

கேமரா விஷயத்தில் இன்னொன்று. நீயாகப் புரிந்துகொள்வாய் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வெளிக்குப் போகும் நாள். காபி குடித்த அரை மணி நேரத்தில், இடப்பக்கம் சாய்த்து, கிளவுஸ் போட்டு, ஆசனவாயில் மாத்திரை வைத்து, அது வேலை செய்ய இருபது நிமிஷம் காத்திருந்து, அப்புறம் விரலால் தூண்டிவிட்டு... முழுக்க முடிய ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் காலண்டருக்கு மேலே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும். நீ பார்க்க மாட்டாய், தெரியும். ஆனாலும் அது என் மகனின் கண். குளிக்கும்போது கதவைச் சாத்தச் சொல்லி உனக்குப் பழக்கியதே நான்தானே. உசிலம்பட்டிப் பெண் கேமராவுக்கு முதுகு காட்டி நின்று முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு வேலை செய்வாள். தன்னை மறைக்க இல்லை, என்னை மறைக்க.

வேலூரில், பாகாயம் மறுவாழ்வு மையத்தில் நாம் இருந்த மூன்று மாதம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? 2017-ல், ஸ்பீட் பிரேக்கரில் அப்பா வண்டியின் பின்னாலிருந்து நான் விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்ட வருஷம். அந்த மையத்தை 1966-ல் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் தானே கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் முதல் வாரமே சொன்னது இது: "உங்க உடம்பை நீங்க தூக்க முடியாது. ஆனா எப்படித் தூக்கணும்னு சொல்றது உங்க வேலை." இருபத்தெட்டு வருஷம் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு அது ஒத்துப்போனது. குழாயில் எந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும், நாற்காலிக்கு மாற்றும்போது முட்டியை எங்கே முட்டுக்கொடுக்க வேண்டும், வயிற்றுப் பட்டையைக் கட்டாமல் உட்கார வைத்தால் ஏன் மயக்கம் வரும், இதையெல்லாம் நான் வாயால் சொல்லித்தான் உசிலம்பட்டிக்காரி கற்றாள். மணிக்கட்டை மேலே தூக்கினால் என் விரல்கள் தானாக மடங்கும், அந்தப் பிடியில் ஒரு முறுக்கைப் பிடிக்கலாம் என்று கண்டுபிடித்து எனக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது அவள்.

நான் ஒன்றும் ஆய்க்குடி ராமகிருஷ்ணன் இல்லை. கழுத்துக்குக் கீழே அசைவில்லாத நிலையில் 1981-ல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியவர் அவர். எனக்கு நடத்த இருப்பது ஒரு அறையும் ஒரு கட்டிலும்தான். அதையாவது நான் நடத்துகிறேனே. யார் சரி, யார் சரியில்லை என்று நான் சொன்னால் நீ கேட்டுக்கொள். என் கைதான் வேலை செய்யாது.

உன் பணம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. அரசாங்கம் மாதாமாதம் தரும் உதவித்தொகை, படுக்கையில் விரிக்கும் அண்டர்பேடுக்கும் கிளவுஸுக்குமே பற்றாது. ஆனால் ஒரு பொருளை அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேள். ஆளைத் தூக்கும் மெஷின் அனுப்பினாயே, அதன் கால் கட்டிலுக்கு அடியில் நுழைந்தால்தான் வேலை செய்யும். நம் தேக்குக் கட்டிலுக்கு அடியில் பெட்டி. மூன்று மாதம் அது தாழ்வாரத்தில் நின்றது, அப்பா அதில் வேட்டி காயப்போட்டார். அப்புறம் ஆசாரி வந்து பெட்டியை எடுத்துவிட்டு நாலு காலுக்கும் கட்டை வைத்தபின்தான் உருப்படி ஆனது. இப்போது அது இல்லாவிட்டால் அப்பாவின் இடுப்பு போயிருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

உசிலம்பட்டிப் பெண் திங்கட்கிழமை திரும்பி வந்துவிட்டாள். ஏஜென்சி வழியாக இல்லை. நாம் 22,000 கட்டியதில் அவள் கைக்கு 15,000 போயிருக்கிறது. இப்போது 20,000 நேராக அவளுக்கே, மாதம் நாலு நாள் லீவு, அந்த நாலு நாளுக்கு அவள் சித்தி மகள் வருவாள். அவளையும் நான் பழக்கிக்கொண்டிருக்கிறேன். வந்ததும் உசிலம்பட்டிப் பெண் முதலில் என் குதிகாலைத்தான் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டு வந்திருந்தாள், அந்தப் பிய்ந்த ரவிக்கையைப் பையில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறாள்.

நீ அவளிடம் பேச வேண்டும். நான் உன் சார்பில் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நம்பர் அப்பாவிடம் இருக்கிறது. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் கூப்பிடாதே, ராத்திரி முழித்த தூக்கத்தை அப்போதுதான் தூங்குவாள்.

அம்மா