ஆச்சி உடைத்துக் கொடுத்த துண்டு

கோவில்பட்டி

அன்புள்ள கண்மணிக்கு,

நீ அனுப்பிய கதை வந்து பத்து நாளாகிறது. போனில் “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாய். “நல்லா இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்போது ஒரு தடவைதான் படித்திருந்தேன். இப்போது நாலு தடவை ஆயிற்று. கதை எழுதுகிற மகளுக்குக் கதை எழுதுகிற அம்மா ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆச்சி தீப்பெட்டி ஒட்டுகிற இடம் அருமையாக வந்திருக்கிறது. பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, தாளில் ஒரே இழுப்பாக இழுத்து, மடித்து, திரும்பிப் பார்க்காமலே பின்னால் போடுகிறாள். பசை காய்ந்து நகக்கண்ணில் வெள்ளையாக நிற்பதைக்கூட எழுதியிருக்கிறாய். 144 பெட்டி ஒரு குரோஸ் என்று தீப்பெட்டி ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் கணக்கு எழுதியவள் நான். அந்த நகம் என் கண்ணில் பட்டதே இல்லை. அந்தப் பத்தியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

ஆனால் அடுத்த பத்தியிலேயே “வறுமையின் கோரப்பிடியில் சிக்கிய ஆச்சி அன்பே உருவானவள்” என்று வருகிறது. நகத்தைப் பார்த்தவள் எழுதிய வரி இல்லை இது கண்மணி. எங்கெங்கோ படித்து மனசில் தங்கிப்போன வரி. எழுதும்போது கை ஓய்கிற இடத்தில் இந்த மாதிரி வரிகள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் வரும். அடித்துவிட்டு, அந்த இடத்தில் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்வேன்.

நம் ஊர்ப் பக்கத்து இடைசெவல்காரர் கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையை மறுபடி எடுத்துப் படி. தீபாவளிக்குப் புருஷனுக்கென்று வாங்கி வைத்த துண்டை, எங்கிருந்தோ வந்த அநாதைப் பையனுக்குக் கொடுக்கிறாள் அந்தத் தாய். உடம்பெல்லாம் சிரங்கோடு வந்தவனை அவளே குளிப்பாட்டியும் விடுகிறாள். வீட்டில் இருந்தது எவ்வளவு, அவள் மனசு எவ்வளவு என்று அந்தத் துண்டிலேயே தெரிந்துபோகிறது. அவர் 1970-இல், ஐம்பது வயதுகூட ஆகாமல் போய்விட்டார். அந்தக் கதையை நான் எப்போது எடுத்தாலும் துண்டு கைமாறுகிற இடத்தில் கண் கலங்குகிறது.

சரி, ஆச்சியிடம் வருகிறேன். அவள் அன்பே உருவானவளா? கடலைமிட்டாயை உடைக்கும்போதே அவள் கை பெரிசும் சின்னதுமாகத்தான் உடைக்கும். பெரிசு தம்பிக்கு, சின்னது உனக்கு. அதை நீ பார்ப்பாய். நீ பார்ப்பதை நானும் பார்ப்பேன். மாமியாரிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கதையில் அந்த மிட்டாயையே காணோம். ஆச்சி செத்துப்போனவள், அவளைக் குறைத்து எழுதக் கூடாது என்று விட்டுவிட்டாயா?

அதே ஆச்சிதான் கடைப் பொட்டலம் பிரித்த காகிதத்தையெல்லாம் முழங்காலில் வைத்துத் தேய்த்து நீவி உனக்காக எடுத்து வைப்பாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆணும் பெண்ணுமாகப் படம் போட்டிருந்தால் அது கதை என்று அவளுக்குக் கணக்கு. “ஏட்டி, இதுல கதை இருக்கா பாரு” என்று நீட்டுவாள். பாதிக் கதைதான் இருக்கும். மீதியை நீயாகச் சொல்லுவாய். பெட்டி ஒட்டிக்கொண்டே கேட்பாள். நீ எழுத ஆரம்பித்தது இப்போது இருக்கிற புனேயில் இல்லை, அந்தத் திண்ணையில். மிட்டாயும் காகிதமும் ஒரே கை கொடுத்தது. இரண்டையும் எழுது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. என் இரண்டாவது கதை ஒரு பத்திரிகையில் வந்தபோது நீ கைக்குழந்தை. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியை அதில் எழுதியிருந்தேன். பேரையும் தெருவையும் மாற்றினேன். முந்தானை முடிச்சில் அரிசிப்பெட்டியின் சாவியைக் கட்டிக்கொண்டு அலைவாளே, அதை மட்டும் அப்படியே வைத்துவிட்டேன். கதை முடிவில் அவளைத் திருடியாக்கினேன். அப்படி முடித்தால்தான் கதை நிற்கும் என்று நினைத்தேன். யாரோ அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவள் சண்டைக்கு வரவில்லை. தெருக்குழாய்க்கு என்னோடு வருகிறவள் அதற்குப் பிறகு நான் போய்த் திரும்பினதும்தான் குடத்தை எடுப்பாள். அந்தச் சாவியை ஏன் கட்டிக்கொண்டாள் என்று நான் அவளிடம் கேட்டதே இல்லை. என் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. அவள் வீட்டுக்குள் இருந்து பார்த்திருந்தால் வேறு கதை வந்திருக்கும். இன்னும் நல்ல கதையாகவும் இருந்திருக்கும் என்று இப்போது நிச்சயமாகத் தெரிகிறது. அந்தப் பத்திரிகையை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

நீ ஆச்சியைத் தெய்வமாக்கினதும், நான் அந்த அக்காவைத் திருடியாக்கினதும் ஒரே தப்புதான் என்று எனக்குப் படுகிறது. ஒரு பக்கம் மட்டும் நின்று பார்த்தோம்.

அப்புறம் பேச்சு. ஆச்சி “உணவு உண்டாயா?” என்று கேட்கமாட்டாள். அதற்காக வரிக்கு வரி கொச்சையாக்கவும் வேண்டாம். படிக்கிறவர்கள் தடுக்கி விழுவார்கள். சரியான இடத்தில் ஒரு “ஏட்டி” போதும், குரல் வந்துவிடும். எழுதியதைச் சத்தம் போட்டு வாசித்துப் பார். எது அவள் வாயில் வராது என்று உன் காதே சொல்லிவிடும்.

வேலை முடிந்து வந்தால் நேரமே இல்லை என்கிறாய். அசோகமித்திரன் தியாகராய நகர் பூங்காவில் உட்கார்ந்து எழுதினார். கி. ராஜநாராயணன் எழுதத் தொடங்கியதே முப்பது வயதுக்கு மேல். நான் ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில், பழைய ரசீதுகளின் பின்பக்கம் எழுதினேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் வந்தால் போதும். ராத்திரி கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கதையைப் பென்சிலால் குறித்துத் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். குறித்ததையெல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மறுபடி எழுதினதும் அனுப்பு. ஒன்று மட்டும் எனக்கு ஞாபகம் வரவில்லை. சின்னத் துண்டை உன்னிடம் நீட்டும்போது ஆச்சி உன் முகத்தைப் பார்ப்பாளா, பெட்டியைப் பார்ப்பாளா? உனக்குத் தெரியும். எழுது.

அன்புடன்
அம்மா