முட்டை ஓட்டுச் சுண்ணாம்பில் பயோடீசல்

பெங்களூரு

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல்.

பழைய சமையல் எண்ணெயைப் பயோடீசலாக்க, வினையூக்கியாகக் காஸ்டிக் சோடாவை விட்டு, முட்டை ஓட்டைச் சுட்டுக் கிடைக்கும் சுண்ணாம்புக்கு மாறுவதாக எழுதியிருந்தாய். தாராளமாக மாறு. ஆனால் வடாபாவ் கடையில் வாங்கிய எண்ணெயை அப்படியே ஊற்றிவிடாதே, முதலில் டைட்ரேஷன் செய், அதாவது காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று அள. அமில எண் (ஒரு கிராம் எண்ணெயின் அமிலத்தை முறிக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்ற கணக்கு) 2-ஐத் தாண்டினால் அந்த அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சோப்பாகிவிடும். சோடா சோப்பாவது தண்ணீரில் கரையும். இது கரையாமல் வடிகட்டும் துணியில் அப்பிக்கொள்ளும். அப்படிப்பட்ட எண்ணெயைக் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து ஒரு சுற்று ஓட்டி, அடியில் தங்கும் அமிலத்தையும் தண்ணீரையும் சுத்தமாக நீக்கிய பிறகே சுண்ணாம்புக்கு வா.

ஓட்டின் உள்தோலை உரித்து, கழுவிக் காயவைத்துப் பொடித்து, ஃபர்னஸில் 900 டிகிரியில் 3 மணி நேரம் சுடு. 100 கிராம் ஓடு 55 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். அதைவிட நிறைய மிஞ்சினால் உள்ளே சுண்ணாம்பாக மாறாத கால்சியம் கார்பனேட் பாக்கி இருக்கிறது. சூடு முழுக்க ஆறுவதற்குள் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடியில்) வைத்து மூடு. மும்பை மழைக்காலக் காற்றில் திறந்து வைத்தால் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் குடித்துச் சுண்ணாம்பு வீரியமிழந்து செத்துப்போகும்.

1 லிட்டர் எண்ணெய்க்கு 500 மில்லி மெத்தனால், 40 கிராம் சுண்ணாம்பு. மெத்தனால் ஆவியைக் குளிரவைத்துத் திரும்ப உள்ளேயே விடும் ரிஃப்ளக்ஸ் கண்டென்சர் வைத்து 60 டிகிரியில் 2 முதல் 3 மணி நேரம் ஓட்டு. இங்கே உயரத்தால் மெத்தனால் 62-லேயே கொதித்துவிடும், உனக்கு 64 வரை இடமுண்டு. எண்ணெய், மெத்தனால், தூள் மூன்றும் தானாக ஒட்டாது. கலக்கும் கருவி மெதுவாகச் சுற்றினால் தூள் அடியில் படுத்துவிடும், வினையும் அதோடு படுத்துவிடும். முடிந்ததா என்று பார்க்க, 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டுக் குலுக்கு. அடியில் எண்ணெய்த் துளி நின்றால் வேலை பாக்கி.

திட வினையூக்கி என்றால் கழுவவே வேண்டாம் என்பார்கள், நம்பாதே. கால்சியம் கொஞ்சம் கரைந்துவிடும். ஐரோப்பிய இஎன் 14214 தரப்படி கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்தே கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான். சிட்ரிக் அமிலக் கழுவலோ கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் கேட்டயான் ரெசினோ வேண்டியிருக்கும். எவ்வளவு கரைகிறது என்று சந்தேகம் வந்தால், பாதி வினையில் தூளைச் சூட்டோடு வடிகட்டிவிட்டு மிச்சத்தை ஓடவிடு. அப்போதும் வினை நகர்ந்தால் வேலை செய்தது கரைந்த கால்சியம்தான்.

பிரான்ஸின் செட் நகரில் 2006-இல் வந்த பயோடீசல் ஆலை துத்தநாக அலுமினேட் என்ற திட வினையூக்கியில் ஓடியது. அதற்கு உயர் வெப்பமும் அழுத்தமும் வேண்டும், உன் டிரம் தாங்காது.

அமில எண்ணை அளந்து எழுது. கந்தக அமில அளவைக் கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராகவன்