மாலதிக்கு, காப்பகத்திலிருந்து

அன்புள்ள மாலதிக்கு,

உன் கடிதம் வந்த வாரம் இங்கே ஒரே சளியும் இருமலும். குழந்தைகளில் தொடங்கி எங்களில் ஒருவரையும் விடவில்லை. அதனால்தான் பதில் தாமதம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழுவதை விட்டுவிடச் சொல்கிறார் மருத்துவர். என் வேலையே அதுதான் என்று அவரிடம் யார் சொல்வது?

நீ மறுபடியும் வேலைக்குப் போவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீயோ அந்தச் செய்தியை ஒரு வரியில் முடித்துவிட்டு, மீதியெல்லாம் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவரும்போது குட்டி அழுவதைப் பற்றியே எழுதியிருக்கிறாய்.

அவளுக்கு இப்போது ஒன்றேகால் வயது இல்லையா? அம்மாவைப் பிரியும்போது வரும் பயம், அதாவது பிரிவுப் பதற்றம், ஏறக்குறைய 8 மாதத்தில் தலைகாட்டும். 10 முதல் 18 மாதம் வரை உச்சத்தில் இருக்கும். கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எப்போது வருவாள் என்று கணக்குப் போடத்தான் இன்னும் தெரியவில்லை. அழாமல் என்ன செய்வாள்? உன் வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை.

விளையாட்டுக் காட்டிவிட்டு நைசாக நழுவிவிடும்படி உன் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தாய். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே. அப்படி விட்டுச்செல்லப்பட்ட ஒரு பையன் இங்கே இருந்தான். மரக்கட்டை ஒன்றை வைப்பான், திரும்பிக் கதவைப் பார்ப்பான். அதன்மேல் இன்னொன்றை வைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பான். ஒரு பொட்டுக் கண்ணீர் கிடையாது. சமர்த்து என்று எல்லோரும் மெச்சினார்கள். எனக்கோ அந்த அறையில் அவனைப் பற்றித்தான் கவலை. பிறகு அவன் அம்மா முகத்துக்கு நேரே சொல்லிக்கொண்டு கிளம்பத் தொடங்கினார். அன்றைக்கு அவன் போட்ட கூச்சலில் கூரை பறந்திருக்க வேண்டும். என் தோளில் சாய்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே அழுது முடித்தான். சில வாரங்களில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாட ஆரம்பித்துவிட்டான்.

ஆகவே எவ்வளவு நேரம் அழுதாள் என்று தினமும் விசாரிக்காதே. யார் தூக்கினால் அடங்குகிறாள் என்று கேள். பதிலாக ஒரு ஆளின் பெயர் வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ‘எல்லோரிடமும் போவாள்’ என்றால் எனக்குத் திருப்தி இல்லை. ஆரம்பத்திலாவது ஒருவரே அவளைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டு வாங்கு, கூச்சப்படாதே.

குழந்தையைக் காப்பகத்துக்குப் பழக்க ஜெர்மனியில் 1980களில் உருவான பெர்லின் முறையும் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதல் 3 நாளும் அம்மாவோ அப்பாவோ கூடவே இருப்பார்கள். பிரித்துப் பார்க்கும் பேச்சே கிடையாது. 4ஆம் நாள்தான் சற்று நேரம் வெளியே போவது. அங்கிருப்பவர் தேற்றினால் குழந்தை தேறுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த கட்டம். அந்த 4ஆம் நாள் திங்கட்கிழமையாக இருந்தால் மறுநாளுக்குத் தள்ளிப்போடுவார்கள். விடுமுறை முடிந்து வரும் குழந்தைகளைத் திங்கட்கிழமை காலையில் பார்த்த எவருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

விடைபெறுவதைச் சுருக்கமாக வைத்துக்கொள். ஒரு முத்தம், ‘தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்’ என்று ஒரு வாக்கியம், அவ்வளவுதான். வாசல்வரை போய்விட்டு அழுகுரல் கேட்டுத் திரும்பி வராதே. அவளுக்கும் கஷ்டம், தூக்கி வைத்திருப்பவருக்கும் கஷ்டம். உன் பழைய துணி ஒன்றைப் பையில் போட்டு அனுப்பு. துவைக்காததாகவே இருக்கட்டும், உன் வாசனைதான் அவளுக்கு வேண்டியது.

மாலையில் உன்னைக் கண்டதும் ஓவென்று அழுகிறாள், அங்கே ஏதாவது செய்துவிட்டார்களோ என்று பயந்திருக்கிறாய். பெரும்பாலும் அப்படி இருக்காது. பகலெல்லாம் அடக்கி வைத்ததை உன்னிடம்தானே கொட்ட முடியும்? மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் அம்மாவையும் குழந்தையையும் சற்று நேரம் பிரித்துப் பார்த்த ஆய்வுகளில், பிரியும்போது வரும் அழுகையைவிட, அம்மா திரும்பியதும் குழந்தை என்ன செய்கிறது என்பதையே அதிகம் கவனித்தார். அழுதாலும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, உன் மடியில் அடங்குகிறாளா? அது போதும். வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் கொஞ்ச நேரம் அவளோடு தரையில் உட்கார். சமையல் காத்திருக்கட்டும்.

இரவில் பலமுறை விழிப்பாள், சில நாள் நன்றாகப் போய்விட்டு மறுபடியும் பிடிவாதம் பிடிப்பாள். சளி வந்துகொண்டே இருக்கும். முதல் வருடம் அப்படித்தான். பல வாரம் கழிந்தும் யார் தேற்றியும் தேறாமல், சாப்பாட்டையும் விளையாட்டையும் ஒதுக்கினால் மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும்.

காப்பகத்தில் விட்டால் அவளுக்கு உன் மீதுள்ள பற்று குறைந்துவிடுமோ என்று உன்னை அரிக்கும் கேள்விக்கும் வருகிறேன். அமெரிக்காவில் 1991இல் தொடங்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். காப்பகத்துக்குப் போவது மட்டுமே தாய் மீதான பற்றைக் குலைத்துவிடுவதில்லை, தாய் குழந்தையின் மனமறிந்து நடந்துகொள்வதே முக்கியம் என்று கண்டார்கள். ராத்திரி தூக்கம் வராதபோது இதை எடுத்துப் படித்துக்கொள்.

உன் கணவருக்கு நேரம் ஒத்துவந்தால் ஒரு வாரம் அவரையே கொண்டுபோய் விடச் சொல். சில குழந்தைகள் அப்பாவிடமிருந்து சுலபமாகப் பிரிகிறார்கள். அவர் வாசலில் அழுதால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுது.

அன்புடன்,
சரசு