ஸ்கேனர் விளக்கு விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பயப்படாதே, ஸ்கேனர் விஷயம்தான்.

நீ 2011-இல் வாங்கிக் கொடுத்ததற்கு விளக்கு மாற்றும் காலம் வந்துவிட்டது போலிருக்கிறது. முன்பெல்லாம் சுவிட்சைப் போட்டு, நான் கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் தயாராக நிற்கும். இப்போது அம்மா வைத்த காபி ஆறி ஏடு கட்டிய பிறகுதான் சூடாகிறது. குழாயின் இரண்டு முனையும் பழைய டியூப்லைட் மாதிரி கருத்திருக்கின்றன. வெள்ளைத் தாளை வைத்தால் லேசாக ரோஸ் அடிக்கிறது.

இவ்வளவு நாள் எனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். கண்ணாடியின் தலைப்பில் உள்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறது அல்லவா, ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துத்தான் ஸ்கேனர் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. விளக்கு மங்கினாலும் வருகிற வெளிச்சத்தை ஏற்றிக் காட்டிவிடும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும். இருட்டில்தான் குட்டு வெளிப்படும்: தலைமுடி, பட்டுப்புடவை மடிப்பு, அங்கெல்லாம் மண் தூவினாற்போல் பொரிபொரியாக.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மாப்பிள்ளைக்கு இரண்டு தடவை போன் போட்டேன், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. மாற்றியிருந்தால் புது நம்பரை அனுப்பு. அவசரம் ஒன்றும் இல்லை.

மெக்கானிக் தம்பி வந்து பார்த்தான். இந்தக் குழாய் புதிதாகக் கிடைப்பது கஷ்டம், உடைத்துப்போட்ட மிஷினிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்கிறான். அதுவும் இதே வயசுக் குழாய்தானே! எப்சன் வி850 ஸ்கேனரில் எல்இடி விளக்கு, சூடாகக் காத்திருக்கவே வேண்டாம், அதை வாங்குங்கள் சார் என்றான். நீ வாங்கிக் கொடுத்ததை எதற்கு மாற்ற வேண்டும்? 'போட்டோவுக்கு 600, நெகட்டிவுக்கு 2400' என்று ஸ்கேனரில் வைக்க வேண்டிய அளவை நீ எழுதி ஒட்டிய தாள் இன்னும் சுவரில் இருக்கிறது. வருகிறவர்களிடம் என் பெண் எழுதியது என்று காட்டுவேன். அப்படிப்பட்ட பெண்ணுக்கு அப்பாவிடம் பேச இரண்டு நிமிஷம் கிடைக்கவில்லை. சரி, விடு.

நானே கழற்றலாம் என்று இருந்தேன். அம்மா விடவில்லை. அவள் சொன்னதும் சரிதான். குழாய்க்குள் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது, அதை எரியவைக்கிற போர்டில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. அப்புறம், கோடு கோடாக விழுந்தால் அது விளக்கின் குற்றம் இல்லை, பெரும்பாலும் அந்த வெள்ளைப் பட்டையில் உட்கார்ந்த தூசிதான். அவசரப்பட்டு விளக்கைக் குறை சொல்லக் கூடாது.

அதனால் முறையாகச் சோதித்துப் பார்த்தேன். ஆட்டோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரே படத்தைச் சுவிட்ச் போட்டவுடன் ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை. கையில் கிடைத்தது திருக்கடையூரில் எங்கள் அறுபதாம் கல்யாணத்தன்று எடுத்த குரூப் போட்டோ. ஃபிரேமில் இருப்பது இல்லை, லேபிலிருந்து முதலில் வந்த பிரிண்ட்.

முதல் தடவை எல்லார் முகத்திலும் ரோஸ். அரை மணி கழித்து முக்கால்வாசி தெளிந்துவிட்டது. உன் முகத்தில் மட்டும் கண்ணுக்குக் கீழே இருட்டு அப்படியே நின்றது. கண்ணாடியைத் துடைத்தேன். படத்தைத் திருப்பி வைத்தேன். பக்கத்தில் நிற்கிற சித்தி, அத்தை, குழந்தைகள் எல்லார் முகமும் சுத்தம். ஒரு படத்தில் ஒரு முகத்துக்கு மட்டும் விளக்கு பழுதாகுமா பாப்பா?

ஃபிரேமில் இருக்கும் படத்தில் அந்த இருட்டு இல்லை. கல்யாண வீட்டுப் படத்தில் பெண் இப்படியா இருப்பாள், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான்தான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எடுத்தேன். முன்பு நெகட்டிவில் பென்சிலால் செய்த வேலைதான், கை தானாகப் போனது. பதினைந்து நிமிஷம் உன் கண்ணையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் கருத்திருக்கிறது என்று ஒரு வார்த்தை உன்னைக் கேட்கவில்லை. நீ அன்று வாசலில் உட்கார்ந்து, நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேனே அப்பா என்றாய். டிக்கெட் போட்டாயிற்றே என்றேன். டிக்கெட் போட்டதும் நான்தான்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்ல வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. விளக்கை மாற்றுவதா, இப்படியே அரை மணி காத்திருந்து ஓட்டுவதா என்று எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. அதைச் சொல்லவாவது போன் பண்ணு. தினமும் பதினொரு மணி வரை ஸ்டுடியோ அறையில்தான் இருக்கிறேன். அம்மா அதற்குள் தூங்கிவிடுவாள்.

அன்புடன்,
அப்பா