மணிக்கு: மருமகன் ஏலத்தில் கை தூக்கும் முன்னால் இதைப் படி

அன்புள்ள மணி,

உன் குரல் செய்தி மூன்றையும் கேட்டேன். முழங்கால் வலிக்கு அந்தச் சங்ககிரி வைத்தியர் எண்ணெயே போதும் என்று நீ பிடிவாதம் பிடிப்பது தங்கச்சி சொல்லித் தெரியும், ஒரு தடவை சேலம் போய் எலும்பு டாக்டரிடம் காட்டிவிடு. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கல்லூரி கிடைத்துவிட்டது, வீட்டிலிருந்து மூன்று மணி நேரப் பயணம், அவள் அம்மா இப்போதிலிருந்தே ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகன் ராணுவம் கழித்துக் கட்டிய அசோக் லேலண்ட் ஸ்டாலியன் லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து, தண்ணீர் டேங்கர் ஆக்கப் போகிறான், "விலை மலிவு, இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு" என்று சொன்னாய். இன்ஜின் கல்லு மாதிரிதான் இருக்கும். எண்ணூரில் பிறந்து ஜபல்பூரில் பூட்டப்பட்டு மலையேறி வந்த வண்டி அது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்குக் கவலையெல்லாம் வண்டிக்கு அடியில் ஓடும், பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்கள்தான். சென்னை பாடியில் நாம் இரண்டு பேரும் காக்கி நிக்கர் மாட்டாத குறையாக அப்ரண்டிஸ் பார்த்த காலத்தில் ராகவன் சார் தினமும் சொல்வாரே, அந்த வாக்கியத்தை நான் எழுத வேண்டியதில்லை, உனக்கே காதில் கேட்கும்.

நான் இப்படிப் படபடப்பதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் இருக்கும் டெக்சாஸ் பாஸ்ட்ராப் பக்கம் சின்ன ஊர்களில் சம்பளத்துக்குத் தீயணைப்பு வீரர்கள் கிடையாது. ஊர்க்காரர்களே தன்னார்வமாகச் செய்கிறார்கள். 2011 செப்டம்பரில் இந்த மாவட்டத்தில் பற்றிய காட்டுத்தீயில் 1600க்கு மேல் வீடுகள் போயின. 2024 பிப்ரவரியில் மாநிலத்தின் வடக்கு முனையில் ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் தின்றது. அதனால் வண்டி கிடைத்தால் போதும் என்று எல்லோரும் தவிக்கிறார்கள். புது தீயணைப்பு வண்டி வாங்க இவர்களிடம் பணம் ஏது? ராணுவத்துக்குத் தேவைப்படாத லாரிகளை மாநிலக் காட்டுத்துறை வழியாக இந்த மாதிரி ஊர்களுக்குக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது, வாங்கியவர்கள் குறித்த காலத்துக்குள் அதைத் தீயணைப்பு வண்டியாக்கி வேலைக்கு இறக்க வேண்டும். அப்படி எங்கள் ஊருக்கு வந்தது ஒரு எம்923ஏ2, ஐந்து டன் லாரி, ஆறு சக்கரமும் இழுக்கும், கம்மின்ஸ் 8.3 லிட்டர் இன்ஜின், ஆலிசன் ஆட்டோமேட்டிக் கியர். கண்ணாடி துடைப்பான்கூடக் காற்றில்தான் ஓடும். மணி, நீ பார்த்திருந்தால் அதன் மேலேயே படுத்துத் தூங்கியிருப்பாய்.

பின்னால் ஆயிரம் காலன் டேங்க் வைக்கப் போகிறார்கள், நம் கணக்கில் சுமார் 3800 லிட்டர். தீயணைப்புத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, "காற்று இறங்குகிறது, ஒரு குழாய் ஒடிந்திருக்கிறது, மாற்றிக் கொடு" என்றார். மைதானத்தைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். பெடலை மிதித்தால் நன்றாகவே நின்றது. அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

எனக்கு அடியில் படுக்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. டார்ச் அடித்துக்கொண்டு பின் அச்சுக்கு நகர்ந்தால், ஸ்பிரிங் சேம்பர்களின், அதாவது சக்கரத்துப் பிரேக்கை இயக்கும் குடுவைகளின், பின்பக்கம் விடுவிப்பு போல்ட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிரண்டு இல்லை, பின்பக்கம் இருந்த அத்தனையும். உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம், ஆனால் மருமகனுக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் சொல்கிறேன். காற்று லாரியில் பார்க்கிங் பிரேக்கைப் பிடிப்பது காற்று இல்லை, சேம்பருக்குள் இருக்கும் முரட்டு ஸ்பிரிங். காற்று வந்து அந்த ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் சக்கரம் விடும். குழாய் வெடித்துக் காற்றெல்லாம் போனால் ஸ்பிரிங் தானாகப் பாய்ந்து பிடித்துவிடும், உயிரைக் காப்பாற்றும் ஏற்பாடே அதுதான். காற்று ஏறாத வண்டியை முற்றத்துக்குள் இழுத்துப் போக வேண்டுமென்றால் அந்த போல்ட்டை முறுக்கி ஸ்பிரிங்கைப் பின்னால் இழுத்து அடைத்துவிடுவார்கள். இழுத்து முடித்ததும் திருப்பி விட வேண்டும். யாரோ விடவில்லை. எங்கேயோ, எந்த முற்றத்திலோ, காற்று ஒழுகுகிற வண்டியைச் சரிசெய்ய மனமில்லாத யாரோ ஒருவர், ஸ்பிரிங் பிரேக்கையே இல்லாமல் ஆக்கி நகர்த்திவிட்டுப் போயிருக்கிறார்.

ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது, மணி. காற்று இருக்கும்வரை கால் பிரேக் வேலை செய்கிறது, தலைவர் சந்தோஷப்படுகிறார். 3800 லிட்டர் தண்ணீரோடு ஒரு இறக்கத்தில் அந்த ஒடிந்த குழாய் முழுசாகப் பிய்ந்து, காற்று மொத்தமும் இறங்கினால் தானாகப் பாய்ந்து பிடிக்க ஒன்றும் கிடையாது. சரிவில் ஸ்பிரிங் பிரேக்கை நம்பி நிறுத்திவிட்டு ஒரு பையன் ஹோஸ் பிடிக்க வண்டி முன்னால் போனால்? எனக்கு அன்றைக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வண்டிக்கு ஏற்கனவே ஒரு வரலாறும் உண்டு. ஈரச் சாலையில் திடீரென்று மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடுகிறது என்று, எங்கள் எம்923ஏ2 சேர்ந்த எம்939 வரிசை லாரிகளின் விபத்துகளைப் பற்றி 1999இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமான ஜிஏஓ ஒரு அறிக்கையே கொடுத்தது. ராணுவமே மணிக்கு 40 மைல், அதாவது 64 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதே என்று கட்டுப்பாடு போட்டு, சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் பொருத்தும் வேலையில் இறங்கியது. அப்படிப்பட்ட வண்டியில் இருக்கிற பிரேக்கையும் கழற்றி வைத்தால் என்ன சொல்வது.

அடுத்தது குழாய். தலைவர் சொன்ன ஒடிந்த இடம் சேஸிஸ் ஓரத்தில் இருந்தது, ஃபோர்க்லிஃப்ட் பல் நசுக்கிய தழும்பு உள்ளே பின்னிய நூல் வரைக்கும் தெரிந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி இன்னொரு இடம், அதை யாரோ "சரிசெய்து" வைத்திருக்கிறார்கள். மூன்று எட்டாம் பாக இன்ச் நைலான் குழாயை நறுக்கி, பட்டறை கம்ப்ரஸருக்குப் போடுகிற 10 மில்லிமீட்டர் புஷ் ஜாயின்டரில் இரண்டு பக்கமும் சொருகியிருக்கிறார்கள். மூன்று எட்டாம் பாகம் என்றால் 9.5 மில்லிமீட்டர்தான். உள்ளே போகும், கையால் இழுத்தால் வராது, காற்று ஏறினால் ஓரமாகக் கசியும், வெயிலில் நைலான் இளகியதும் கழன்றுகொள்ளும். அந்த ஜாயின்டர் பிளாஸ்டிக், லாரியின் அதிர்வுக்கோ சூட்டுக்கோ செய்ததே இல்லை. உன் மருமகன் வண்டியில் எல்லாம் மில்லிமீட்டர் அளவாக இருக்கும், அதனால் இந்த இன்ச் குழப்பம் அவனுக்கு வராது, ஆனால் கம்ப்ரஸர் கடை ஜாயின்டர் அங்கேயும் கிடைக்கும், அதுவும் உன் பட்டறைக்கு எதிரிலேயே கிடைக்கும்.

தலைவரோடு எனக்கு அப்போதுதான் வாக்குவாதம். நசுங்கிய துண்டை மட்டும் மாற்று, காய்ந்த காலம் வந்துவிட்டது என்றார். நான் முடியாது என்றேன். 1990 வாக்கில் செய்த வண்டி, வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்த நைலான், ஓர் இடத்தை வளைத்துப் பார்த்தேன், பட்டென்று ஒடிந்தது. ஒட்டுப் போட்ட குழாய்க்கு அந்தப் பக்கமும் அதே வயசுக் குழாய்தானே? கடைசியில் அவரே என் பக்கத்தில் படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, "எல்லாவற்றையும் மாற்று" என்றார். நல்ல மனிதர், கோபமும் வேகம், ஒத்துக்கொள்வதும் வேகம்.

செய்த விதத்தைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான், பையனுக்காக. ஃபிட்டிங்கிலிருந்து ஃபிட்டிங் வரை ஒரே துண்டு, நடுவில் ஒட்டு இல்லை. குழாய் மேல் காற்று பிரேக் குழாய்க்கான தரக்குறி, எஸ்ஏஇ ஜே844, என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். அதிலும் மூன்று எட்டாம் பாக இன்ச்சும் அதற்கு மேலும் என்றால் உள்ளே நூல் பின்னிய ரகம்தான் வேண்டும். ஹேக்ஸா பிளேடில் அறுத்தால் முனை கோணும், தூள் உள்ளே போகும், குழாய் கட்டர் வைத்து நேராக வெட்ட வேண்டும். பித்தளை ஃபிட்டிங்கில் உள்ளே போகிற தாங்கு குழல் இருக்கிறதே, அதை மறந்தால் குழாயைக் கவ்வும் வளையமான ஃபெரூல் இறுகும்போது நைலான் உள்ளே சுருங்கும், கொஞ்ச நாளில் உருவிக்கொண்டு வரும். பழைய ஃபெரூலைப் புதுக் குழாய்க்கு மாட்டக் கூடாது. மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் பிசிறு, பிரேக்குக்குக் காற்றைத் திறந்துவிடும் ரிலே வால்வுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வால்வு முழுசாக மூடாது, அதனால் பேஸ்ட்தான், அதுவும் முதல் மரையை விட்டுத் தடவ வேண்டும். சைலன்சர் பக்கம் விலக்கி எடுத்து, சேஸிஸில் உரசுகிற இடமெல்லாம் கிளாம்ப் போட்டேன். கால் பிரேக்குக்குக் காற்று இரண்டு தனிப் பாதையில், அதாவது இரண்டு சர்க்யூட்டில் போகும். முதல் சர்க்யூட்டுக்குப் பச்சை, இரண்டாவதுக்குச் சிவப்பு, பார்க்கிங்குக்கு மஞ்சள். நாளைக்கு யார் அடியில் படுத்தாலும் எது எங்கே போகிறது என்று தேட வேண்டாம்.

ரப்பர் ஹோஸ்களும் மாற்றியாகிவிட்டது. அச்சு முழுசாகக் கீழே தொங்கும்போதும் ஸ்டியரிங் கடைசிவரை திருப்பும்போதும் ஹோஸ் இழுபடாத நீளம் பார்த்து வெட்ட வேண்டியிருந்தது, காட்டுப் பாதையில் போகிற வண்டி ஆயிற்றே.

சேம்பர் போல்ட்டுகளைக் கடைசியாகத்தான் விட்டேன், டேங்கில் காற்று ஏறி ஸ்பிரிங் அமுங்கியதற்குப் பிறகு. மருமகனிடம் இதை அழுத்திச் சொல், சேம்பரில் ஸ்பிரிங் இருக்கும் பாதியை மூடிப் பிடித்திருக்கிற வளையத்தை மட்டும் அவனோ எந்தப் பட்டறைப் பையனோ கழற்றவே கூடாது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும். கெட்டுப்போனால் முழுசாக மாற்று, அவ்வளவுதான்.

அப்புறம் சோதனை. சக்கரத்துக்கு முட்டுக் கட்டை வைத்து, 120 பிஎஸ்ஐ ஏற்றி, உங்கள் கணக்கில் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, இன்ஜினை நிறுத்திப் பார்க்கிங்கை விட்டேன். ஒரு நிமிஷத்தில் 2 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை அழுத்திப் பிடித்தால் 3. இரண்டிலும் முள் ஏறத்தாழ அசையவே இல்லை. எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர், ஒரு குமிழி வரவில்லை. சாவியைப் போட்டுப் பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்கினால் 60 பக்கம் எச்சரிக்கை அலற வேண்டும், அலறியது. 20க்கும் 45க்கும் நடுவில் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும், பிடித்தது, பின் சக்கரத்தில் ஸ்பிரிங் அறைகிற சத்தமும் கேட்டது. திருப்பிக் காற்று ஏற்றி, முதல் சர்க்யூட்டின் காற்று டேங்க் வடிகாலை மட்டும் திறந்துவிட்டேன். இரண்டாவது முள் அப்படியே நின்றது. இந்தக் கடைசிச் சோதனையைத்தான் ஆட்கள் செய்வதில்லை. ஒருவழி வால்வு உள்ளே சிக்கிக்கொண்டிருந்தால் ஒரு குழாய் போனதும் இரண்டு டேங்கும் காலி, அப்புறம் இரட்டை சர்க்யூட் இருந்து என்ன பிரயோஜனம்?

இன்னொரு கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வணிக லாரி லைசென்ஸ் வேண்டாம் என்று விலக்கு கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவசரத்துக்கு அது நியாயம்தான். ஆனால் அதனால் காற்று பிரேக் என்றால் என்னவென்றே தெரியாத இருபது வயசுப் பையன்கள் ஸ்டியரிங்கில் உட்காருகிறார்கள். அவர்கள் அத்தனை பேரையும் உட்கார வைத்து இந்தச் சோதனையைச் செய்யச் சொன்னேன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு அம்மா கூட்டத்தில் இருந்தார், எனக்கு முன்னால் அவரே எண்களை மளமளவென்று சொன்னார், பையன்கள் வாயைப் பிளந்தார்கள். இனிமேல் வண்டி வெளியே போகும் முன் அவர்தான் சரிபார்ப்பார் என்று தலைவர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவைப் பார்த்ததும் எனக்கு நம் ராகவன் சார் சேலை கட்டி வந்த மாதிரி இருந்தது, நீ சிரிக்கிறாய், தெரியும்.

இப்போது உன் வேலை. மருமகன் ஏலத்தில் காசு கட்டுவதற்கு முன்னால் வண்டியைப் பார்க்க அனுமதிக்கும் நாளில் நீயும் கூடப் போ, முழங்கால் வலித்தாலும் போ, குனிய முடியவில்லை என்றால் நம் செல்வத்தின் பையனைக் கூட்டிக்கொண்டு போய் அடியில் படுக்கச் சொல். டயரையும் இன்ஜினையும் அப்புறம் பார்க்கலாம், முதலில் பின் சேம்பர்களின் பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. போல்ட் நீட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் எங்கேயோ காற்று ஒழுகுகிறது என்று அர்த்தம், அந்தச் செலவையும் சேர்த்துத்தான் ஏலத்தில் விலை கேட்க வேண்டும். காற்று டேங்கின் வடிகாலையும் திறந்து பார்க்கச் சொல், தண்ணீரும் எண்ணெயும் கொட்டினால் கம்ப்ரஸரும் போய்க்கொண்டிருக்கிறது. குழாய் வாங்கும்போது எத்தனை மீட்டர், என்ன அளவு என்று எழுது, என்னால் இங்கிருந்து அனுப்ப முடியாது, ஆனால் கடைக்காரன் தருவது சரியான ரகமா என்று படம் பார்த்துச் சொல்வேன்.

சேலம் டாக்டரிடம் போன சேதியையும் அதே செய்தியில் அனுப்பு. தங்கச்சிக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் சேகர்