பெய்ரோனி நோய்க்கு லாட்ஜ் வைத்தியம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பகுதியில் ஆண்களின் நோய் என்றால் புராஸ்டேட்டோடு நின்றுவிடுகிறது. ஆணுறுப்பு வளைந்துபோகும் பெய்ரோனி நோயைப் பற்றியும் ஒரு யூராலஜி (சிறுநீர்ப்பாதை) மருத்துவரிடம் கட்டுரை வாங்கிப் போடுங்கள். நான் பல வருடம் மருந்துக்கடையில் இருந்தவன். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றுவிட்டு, "வளைஞ்சிருக்கு, வலிக்குது, மாத்திரை இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள், பலருக்குச் சர்க்கரையும் இருக்கும்.

ஆணுறுப்பின் உள்ளே விறைப்பைத் தாங்கும் உறையில் தழும்பு விழுந்து தடித்துப்போகிறது. அந்தப் பக்கம் நீளாததால் விறைக்கும்போது வளைகிறது. இது புற்றுநோயும் இல்லை, பால்வினை நோயும் இல்லை. 1743லேயே பிரெஞ்சு அரச மருத்துவர் பெய்ரோனி இதை விவரித்துவிட்டார். ஆனாலும் நம் ஊரில் இன்னும் இளவயதுப் பழக்கத்தின் மேல் பழி போட்டு, லாட்ஜில் ரூம் எடுத்து லேகியம் விற்கிறார்கள். பயந்துபோன மனிதனிடம் பணம் பிடுங்குவது கொடுமை.

முதல் ஓராண்டு, சிலருக்கு ஒன்றரை ஆண்டு, வலியும் இருக்கும், வளைவும் மாறிக்கொண்டே இருக்கும். அப்போது வலிக்கு மாத்திரை போதும், ஆபரேஷனுக்கு அவசரப்படக் கூடாது. வலி பெரும்பாலும் தானாக அடங்கிவிடும், வளைவு அப்படி நேராவது குறைவு. பலர் வாங்கிப்போகும் வைட்டமின் ஈ வேண்டாம் என்று அமெரிக்க யூராலஜி சங்கம் 2015லேயே சொல்லிவிட்டது. வெளியிலிருந்து அதிர்வலை கொடுக்கும் ஷாக்வேவ் சிகிச்சை வலியைக் குறைக்கலாம், வளைவை நிமிர்த்தாது. தழும்பைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. குறைந்தது 30 டிகிரி வளைவு உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது.

வளைவு மாறாமல் நிலைத்த பிறகுதான் அறுவை சிகிச்சை. எதிர்ப்பக்கம் தையல் போட்டு நேராக்கினால் நீளம் கொஞ்சம் குறையும். தழும்பை வெட்டி ஒட்டுத் திசு வைத்தால் நீளம் ஓரளவு காக்கப்படும், ஆனால் விறைப்பு பலவீனமாகும் அபாயம் உண்டு. விறைப்பே வராதவர்களுக்கு உள்ளே வைக்கும் இம்ப்ளான்ட் இருக்கிறது. இதையெல்லாம் கையெழுத்து வாங்கும் முன்பே நோயாளியிடமும் மனைவியிடமும் விளக்க வேண்டும். உறவுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் ஆபரேஷனே தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டுரையில் இன்னொன்றும் வரட்டும். உறவின்போது 'டப்' என்று சத்தம் கேட்டு, உடனே விறைப்பு போய் வீங்கிக் கருத்தால் அது வேறு பிரச்சினை, உறை கிழிந்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர், திண்டுக்கல்